மூச்சுப்பிடிப்பு

"முதுகை யாராவது பிடித்துவிட்டார்களா? உருட் மசாஜ், மிதிப்பது, அப்படி ஏதாவது?" என்று டாக்டர் தலீலா மலாயில் கேட்டபோது, என் கணவர் சுகுமாரன் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டே "தாடா" என்றார். இல்லையாம். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் இத்தனை சுத்தமாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மீன் வாங்க மறந்துவிட்டு, பாசார் சீக்கிரமே மூடிவிட்டது என்று சொல்லும்போதுகூட மூக்கைச் சொறிகிற மனிதர். அன்றைக்கு மூக்குப் பக்கம் கை போகவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நான் என் இடது காலைச் சிலிப்பரோடு நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு என் மகள் தேவகியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். தலையில் சாம்பல் நிறத் தூடுங், கையில் ஒரு சின்னச் சுத்தி. "கண்ணை மூடுங்க அங்கிள்" என்று சொல்லி, அவருடைய கால் கட்டைவிரலை இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தார். மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வலது காலுக்குச் சரியாகச் சொன்னார். இடது காலை டாக்டர் கீழே இழுத்துப் பிடித்திருக்க, இவர் "மேல்" என்றார். மறுபடியும் கீழே. மறுபடியும் "மேல்". தெரியாத கேள்விக்கெல்லாம் ஒரே பதிலை எழுதிவைக்கிற பிள்ளையைப்போலச் சொல்லிக்கொண்டே போனார். என் புருஷனுக்குத் தன் கால் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பிறகு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். விலா எலும்புகள் வந்து சேரும் மேல்முதுகில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கிற ஜவ்வு பின்பக்கமாகப் பிதுங்கி, நரம்புத் தண்டை நெருக்கிக்கொண்டிருந்தது. இது இடுப்பில் வருவதுதான் வழக்கம், முதுகின் மேல்பாதியில் வருவது அபூர்வம் என்றார். அங்கே வந்தால் வலி நெஞ்சைச் சுற்றிக்கொண்டு வருமாம். வாயு, இருதயம், பித்தப்பை என்று எல்லோரும் வேறெங்கோ தேடுவார்களாம். "மார்ச் மாதமே ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறோமே, ஏன் வரவில்லை?" என்று கணினியைப் பார்த்துக் கேட்டார். "லோரிக்கு ஆள் இல்லை, முதலாளி தோக்கே லீவு தரவில்லை" என்றார் இவர். அது இரண்டாவது பொய்.

நான் காலால் பிறந்தவள். தலை வராமல் இடது கால் முதலில் வெளியே வந்து, என் அம்மாவை ஒரு பகலும் ஒரு இரவும் படுத்தி எடுத்துவிட்டுத்தான் பிறந்தேனாம். சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் நடந்தது. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் மூச்சுப்பிடிப்பும் ஓடிப்போகும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. எனக்கு ஏழு வயது ஆனதிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செவ்வாயும் ஞாயிறும்தான் மிதிக்க வேண்டும். வந்தவர் பாயில் குப்புறப் படுப்பார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலால் இடுப்பிலிருந்து தோள்வரைக்கும் மூன்று தடவை நீவிவிட்டு, வலிக்கிற இடத்தில் குதிகாலை வைத்து, "மூச்ச விடுங்க" என்று சொல்லி ஒரே அழுத்து அழுத்துவேன். கூலி கிடையாது. நன்றி சொல்லக்கூடாது. முக்கியமாக, எழுந்து போகும்போது "வரேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் வலியும் திரும்பி வரும்.

சுகுமாரன் அப்படிச் சொன்னவர். பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்ட வந்து, பிடிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு. மிதித்து முடித்ததும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, "அப்ப நான் வரேங்க" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். மூன்றாவது தடவை அவருக்கு எந்தப் பிடிப்பும் இல்லை என்று என் குதிகாலுக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் கல்யாணம் ஆனது. ஆகவே என் காலுக்கு எங்கள் வீட்டில் எப்போதுமே ஒரு மரியாதை உண்டு.

இந்த வருஷம் ஜனவரியில் அவருக்கு வலி ஆரம்பித்தது. குருண் டவுனில் சமையல் கேஸ் தோங் விநியோகிக்கிற லோரி அவருடையது, அதாவது அவர் ஓட்டுவது. தோங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவார். ஒரு நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டு, "ராணி, ஈரத்துணியப் புழியிற மாதிரி இருக்கு, இங்கேர்ந்து இங்க" என்று மார்பைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "மூச்சுப்பிடிப்புங்க. கனம் தூக்குனா வராதா பின்ன? ஞாயித்துக்கெழம வரட்டும்" என்றேன். மிதித்தேன். எழுந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "போச்சுடி!" என்று சிரித்தார். நிஜமாகவே போயிருந்தது. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தது.

தேவகி பினாங்கில் வேலை செய்கிறாள். அவள்தான் போனிலேயே சண்டை போட்டு அவரைக் கிளினிக்குக்கு அனுப்பினாள். கிளினிக்கில் என்ன தோன்றியதோ, அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஸ்கேனுக்குத் தேதி வந்தது. அந்தக் கடிதத்தை நான்தான் வாங்கிப் படித்தேன். மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.

எனக்குப் பயம். அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் சின்னையா என்று ஒருவர் இருந்தார். முதுகில் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள், பதினாறு வருஷம் அந்தக் கட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். முதுகில் கத்தி வைத்தால் கட்டில்தான் என்பது எங்களுக்கெல்லாம் பாடமாகிவிட்ட விஷயம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எனக்குக் கோபம். ஊரார் முதுகையெல்லாம் சரி செய்தவள், என் புருஷனை இன்னொருத்தர் கையில் கொடுப்பதா? "செவ்வாக்கெழமையாப் பார்த்து தேதி போட்டிருக்கான் பாருங்க. இது முருகன் சொல்றது. நீங்க போகாதீங்க. அன்னிக்கு வெறும் வயித்துல படுங்க, ஒரேடியா எடுத்துட்றேன்" என்றேன்.

"போய்த்தான் பார்ப்பமேன்னு இருக்கு ராணி."

"போங்களேன். சின்னையா கட்டில் இன்னும் சும்மாத்தான் கெடக்குதாம்."

அப்படிச் சொன்னேன். என் வாயால். கடிதத்தை மடித்து, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அலோர்ஸ்டார் பஸ் எங்கள் குடியிருப்புத் தாமான் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது, அவர் எங்கள் வீட்டு ஹாலில் பாயில் குப்புறப் படுத்திருந்தார், என் குதிகால் அவர் முதுகின்மேல் இருந்தது.

மே மாதத்தில் சிலிப்பர் தொலைய ஆரம்பித்தது. பாசாருக்குப் போனவர் ஒரு காலில் சிலிப்பரும் ஒரு கால் வெறுமையுமாக வந்து நிற்பார். "எங்கங்க இன்னொண்ணு?" என்றால் குனிந்து பார்த்துவிட்டு அவரே ஆச்சரியப்படுவார். நான் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "எங்க வீட்டுக்காரருக்கு வயசாயிருச்சு லா, காலு இருக்குதான்னே மறந்துட்றாரு." மூன்று ஜோடி வாங்கிக்கொடுத்தேன். மூன்றிலும் இடதுதான் காணாமல் போனது என்பதை நான் கவனித்தேனா? கவனித்தேன். கவனித்துவிட்டு, வார் கெட்டியாக இருக்கிறதாகப் பார்த்து வாங்கினேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பழமொழியை எனக்காகவே யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஜூன் கடைசியில் ஃபிளாட் படிக்கட்டில் விழுந்தார். நல்லவேளை, காலித் தோங். கால் இரண்டும் துணிபோலத் துவண்டு, எழுந்திருக்க முடியவில்லை. தேவகி அன்றைக்கே வந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், விளக்கேற்றிவிட்டுப் போகலாம் என்று சாமி மேடைப் பக்கம் போயிருக்கிறாள். நான் அடுப்படியிலிருந்து வந்தபோது அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது மார்ச் மாச லெட்டர்."

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"என்கிட்ட 'போயிட்டு வந்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்'னு சொன்னீங்கல்ல?"

அதையும் நான்தான் சொன்னேன். தேவகி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடிதத்தில் ஒட்டியிருந்த திருநீற்றை ஊதிவிட்டு, தன் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து நாள் என்னிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். முன்பெல்லாம் இந்த இடத்துக்குப் போக நெஞ்சைப் பெரிதாகத் திறக்க வேண்டும், விலா எலும்பை எடுக்க வேண்டும், நுரையீரலை ஒதுக்க வேண்டும். இப்போது முதுகின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. பென்சில் கனத்தில் ஒரு குழாய், அதற்குள் கேமரா, அதற்குள்ளேயே கருவி. திரையில் பார்த்துக்கொண்டே பிதுங்கியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் இப்படிச் செய்ய முடியாது, உங்களுக்கு முடியும் என்றார். "எல்லாம் நன்றாகப் போனால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு." சுண்டுவிரல் நுனியைக் காட்டி, "தழும்பு இவ்வளவுதான் இருக்கும் ஆன்ட்டி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக நான் பயந்தது இந்தத் துளிக்குத்தான். சின்னையாவின் கட்டிலை அவர் தலைமாட்டில் போட்டு வைத்தது இதற்காகத்தான்.

மறுநாள் காலையில் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். பச்சைக் கவுனில் ஆளே சின்னதாகிவிட்டார். "குப்புறப் படுக்க வச்சுத்தான் செய்வாங்களாம்" என்றார். "எனக்கென்ன, பழக்கந்தானே." தேவகி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவு திறந்தது. "அப்ப நான் வரேன் ராணி" என்றார். எனக்கு அம்மாவைப்போலத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

மூன்று மணி நேரம். டாக்டர் வெளியே வந்தபோது தேவகி கேண்டீனுக்குப் போயிருந்தாள். பிதுங்கினதை எடுத்தாகிவிட்டது, ரத்தம் அதிகம் போகவில்லை, கால்களை அசைக்கிறார் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு, அவர் திரும்பிப் போவதற்குள், எனக்குத் தெரிந்த மலாயில் கொட்டிவிட்டேன். என் புருஷன் பொய் சொன்னார், நான்தான் மிதித்தேன், ஜனவரியிலிருந்து மே வரைக்கும் மிதித்தேன், இந்தக் காலால். சிலிப்பரைக் கழற்றிக் காலைக் காட்டவே செய்தேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் பக்கத்து பெஞ்சில் என்னை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். "மிதித்தது நல்லதில்லை ஆன்ட்டி. ஆனால் இது உங்கள் காலால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எடுத்துப் பார்த்தோம், பாதி சுண்ணாம்புபோல இறுகியிருந்தது. வருஷக்கணக்காக வளர்ந்தது" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் தொடர்ந்தார். "நரம்புக்கு நேரம்தான் முக்கியம். மார்ச் மாதம் வந்திருந்தால் அப்போது காலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது வலி போய்விடும். நடப்பார். இடது பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று ஒரு வருஷம் பொறுத்துத்தான் சொல்ல முடியும். திரும்பாமலும் போகலாம்."

என் காலைக் குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அது நான் கேட்டு வந்த கால் இல்லை, பிறக்கும்போதே முந்திக்கொண்டது. ஆனால் "போகாதீங்க" என்று சொன்ன வாய் என்னுடையது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் என்று அம்மா என்னைத் திட்டுவாள். சும்மா திட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். சிலிப்பரைப் போட்டுக்கொண்டேன். தேவகி தே தாரிக் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையை என் கையில் கொடுத்து, "குடிங்கம்மா, ஆறிடும்" என்றாள்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. மார்பைச் சுற்றிப் பிழிந்த வலி ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே போய்விட்டது. கைத்தடி ஊன்றி நடக்கிறார். தோக்கே நல்ல மனிதர், லோரியிலிருந்து இறக்கி, கடையில் போன் எடுக்கிற வேலை கொடுத்திருக்கிறார். சிலிப்பர் வேண்டாம் என்று கட்டிப்போடுகிற சப்பாத்து வாங்கியிருக்கிறோம். நான்தான் குனிந்து கட்டிவிடுகிறேன். இடது கால் கட்டு இறுகினாலும் அவருக்குத் தெரியாது என்பதால் என் விரலை உள்ளே விட்டுப் பார்த்துக் கட்ட வேண்டும். ஒரு நாள் சின்னக் கல் உள்ளே கிடந்து, சாயங்காலம் கழற்றினால் காலுறையெல்லாம் ரத்தம். அவர் அதைப் பார்த்து, "யாரோடது?" என்று கேட்டார். தமாஷுக்குத்தான் கேட்டார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அடுத்த வரிசை அழகம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பசியாறிட்டீங்களா? ஒரு மிதி மிதிச்சு விடுங்கக்கா, குனிய முடியல."

"நான் மிதிக்கிறத விட்டுட்டேன் அழகம்மா. கிளினிக்குப் போ."

"என்னக்கா இப்படி சொல்றீங்க? போன வருசம் நீங்கதானே எடுத்து விட்டீங்க. அதோட வலியே இல்லையே!"

"போன்னு சொல்றேன்ல. இப்பவே போ. தேதி குடுத்தா அந்தத் தேதிக்குப் போ." என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவள் முகம் சுருங்கி, "சரிக்கா, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மிதிக்காதவளிடம் வரேன் என்று சொல்வதில் தோஷம் ஒன்றும் இல்லை.

திரும்பினால், அவர் ஹாலில் பாயை விரித்துக்கொண்டிருந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி, குப்புறப் படுத்தார். அந்த நேரம் முதுகில் தைலம் தேய்ப்பது வழக்கம், தழும்பை விட்டுவிட்டு. தழும்பு என்று சொல்கிறேன், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் சொன்னதுபோல சுண்டுவிரல் நுனிதான். தைலத்தை எடுத்துக்கொண்டு குனிந்தபோது, "தைலம் இருக்கட்டும்" என்றார். "காலை வை."

"என்னங்க வெளையாடுறீங்களா? டாக்டர் கொன்னுடுவாங்க."

"முதுகுல இல்ல லா. பாதத்துல." முகம் தலையணையில் புதைந்திருந்ததால் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "செவ்வாக்கெழமதானே. சும்மா வை. அழுத்தாத."

அவருடைய இரண்டு பாதங்களும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இடது பாதத்தில் கல் குத்திய இடம் கறுத்துக் காய்ந்திருந்தது. என்னை அந்த அறையில், அந்தப் பாயின் பக்கத்தில், யாரும் இத்தனை நம்பிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்று நினைத்தேன். "உங்கள போகாதீங்கன்னு சொன்னது நான்தாங்க" என்றேன். ஆறு மாதமாக அவரிடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "நானுந்தான் போகலயே" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "வை ராணி."

நான் எழுந்து நின்றேன். பழக்கத்தில் வலது கை ஜன்னல் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. வெளியே அழகம்மா மோட்டார் சைக்கிளைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தாள். சிலிப்பரைக் கழற்றினேன். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. இடது காலை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

"ம்ம்..." என்றார் அவர். "தெரியுது ராணி. நல்லாத் தெரியுது. சூடா இருக்கு."

என் கால் இன்னும் தரையில்தான் இருந்தது.